புகை தெரிந்த இடத்தில் ஓர் ஊர்: நெப்ராஸ்கா, கேன்சஸ் பயணக் குறிப்புகள்

ஜூன் 23, பியாட்ரிஸ் (நெப்ராஸ்கா)

ஓமாஹாவுக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும் மாநிலத்தின் தெற்குப் பக்கம் போனதில்லை. இந்தக் கோடையில் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒருநாள் கார் ஜன்னல் வழியாக மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "மரமே இல்லாத இந்தக் காட்டுல மொதல்ல வந்தவங்க எப்படிம்மா பொழைச்சாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மகளுக்கும் பள்ளி விடுமுறை. நாலு பேரும் கிளம்பிவிட்டோம்.

லிங்கன் நகரில் மதியச் சாப்பாடு. நெப்ராஸ்காக்காரர்கள் உயிரை விடும் ரன்ஸாவை என் கணவரும் மகளும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். பன்னுக்குள் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வைத்து மூடிச் சுட்டது, வரியோடு ஏழு டாலரை ஒட்டி வந்தது. அத்தை சைவம், அதனால் கையோடு கொண்டுவந்த தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். கடைப் பெண் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு தட்டும் கரண்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பியாட்ரிஸுக்கு மேற்கே சில மைல் தள்ளி ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. வண்டி நிறுத்தும் இடம் சரியாக ஓர் ஏக்கர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் போல 160 மடங்கு நிலம்தான் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது. 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டப்படி, நிலத்துக்கு விலை இல்லை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்தான். ஆனால் ஐந்து வருடம் அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், உழுது பயிரிட வேண்டும். அந்த ஐந்து வருடம்தான் உண்மையான விலை என்பது போகப் போகப் புரிந்தது.

சட்டம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. டேனியல் ஃப்ரீமேன் என்பவர் பிரவுன்வில் நில அலுவலகத்து எழுத்தரைக் கெஞ்சி, நள்ளிரவு தாண்டியதுமே கதவைத் திறக்கவைத்து முதல் ஆளாகப் பதிவு செய்தார் என்று சொல்கிறார்கள். பூங்கா இருப்பது அவருடைய நிலத்தில்தான். எனக்கு அவரைவிட அவர் மனைவி ஆக்னஸ் மேல்தான் கவனம் போனது. அயோவாவின் லெக்ளேர் ஊர்ப் பெண். ஆக்னஸுக்கு நிச்சயம் ஆகியிருந்தது டேனியலின் தம்பியோடு. அந்தத் தம்பி உள்நாட்டுப் போரில் இறந்துபோனான். அதன்பிறகு டேனியல் எழுதிய கடிதங்கள், கடிதத்திலேயே திருமணப் பேச்சு, 1865இல் கல்யாணம், அப்புறம் இந்தப் புல்வெளி. டேனியல் 1908இல் இறந்தார். ஆக்னஸ் 1931 வரை இருந்தார். இருவர் சமாதியும் அதே நிலத்தில் ஒரு மேட்டில் இருக்கிறது.

வேறொரு குடும்பத்தின் நிலத்திலிருந்து பெயர்த்துவந்து வைத்திருக்கும் பால்மர் வீடு 1867இல் கட்டியது. பதினாலடிக்குப் பதினாறடி மரவீடு. இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து. ஓர் அடுப்பு, ஒரு மேசை, ஏணி வைத்து ஏறும் பரண். இதில் பத்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். அத்தை வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் "இத்தனை பேரும் எங்கே படுத்தாங்க?" அடுத்து "தண்ணிக்கு எங்கே போனாங்க?" அதற்கடுத்த கேள்வியை மெதுவாக என்னிடம் மட்டும் கேட்டார்: "பிரசவத்துக்கு யாரும்மா வந்திருப்பா?" காட்சிக்கூடத்தில் கலப்பைகளும் கருவிகளும் வரிசையாக இருந்தன. இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிற பலகை அந்த வீட்டு வாசலில் என் கண்ணில் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. இந்த நிலம் ஆளில்லாத நிலம் அல்ல. பியாட்ரிஸுக்குத் தெற்கே பிக் புளூ ஆற்றங்கரையில் ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கிய பகுதி இருந்தது. பதிவு செய்ய வந்த குடும்பங்கள் பெருகப் பெருக அவர்களுடைய நிலம் சுருங்கி, 1881இல் அவர்களை ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு குடும்பம் வந்து வேர்விட்ட கதையோடு இன்னொரு குடும்பம் பெயர்க்கப்பட்ட கதையும் எப்போதும் சேர்ந்தே வருகிறது.

மாலையில் புல்வெளிக்குள் நடந்தோம். 1939இல் மறுபடி உருவாக்கத் தொடங்கிய பழைய வகைப் புல்வெளி. ஜூனில் இடுப்பளவு, இலையுதிர்காலத்தில் ஆளை மறைக்குமாம். காற்று நிற்கவே இல்லை. விடுதிக்கு வந்து பார்த்தால் மகளின் காலுறையில் உண்ணி. இடுக்கியால் எடுத்துவிட்டோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

ஜூன் 24, பியாட்ரிஸ் முதல் ஸ்டாக்டன் வரை (கேன்சஸ்)

மேரிஸ்வில் வழியாக 36ஆம் நெடுஞ்சாலை. மேற்கே போகப் போக மக்காச்சோளம் குறைந்து கோதுமை. பழுத்து, அறுவடைக்கு நிற்கிறது. எதிரே வரும் பிக்கப் வண்டிக்காரர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டுகிறார்கள். அதுதான் இங்கே வணக்கம். கொஞ்ச நேரத்தில் என் கணவரும் விரல் தூக்க ஆரம்பித்துவிட்டார். மகள் பின்சீட்டிலிருந்து எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லாமல் போகவில்லை.

லெபனான் என்ற சிற்றூருக்கு வெளியே, அலாஸ்காவும் ஹவாயும் சேராத அமெரிக்காவின் நடுப்புள்ளி. ஒரு கொடிக்கம்பம், நாலைந்து பேர் உட்காரக்கூடிய ஒரு பிரார்த்தனைக் கூடம். ஐந்து நிமிடம் போதும்.

அங்கிருந்து தெற்கே ஆஸ்போர்ன் பக்கம் இறங்கினால் வேலிக்கம்பங்கள் கல்லாக மாறிவிடுகின்றன. மரம் இல்லாத ஊர்தானே, குடியேறிகள் கண்டுபிடித்த வழி இது. பூமிக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்புக்கல் ஒரே கனத்தில் படலமாகக் கிடக்கிறது. தோண்டி எடுக்கும்போது மெதுவாக இருக்கும், வெளிக்காற்று பட்டால் இறுகிவிடும். வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்பு அடித்துப் பிளப்பார்கள். வண்டியை ஓரம்கட்டி ஒரு கம்பத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய் நிறம், நடுவில் துருப்பிடித்தது போல் ஒரு கோடு, விளிம்பில் அரைவட்டமாக அந்தத் துளைகளின் பாதி. ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல். மைல்கணக்கில் நிற்கின்றன. இதைப் பிளந்து, வண்டியில் ஏற்றி, குழிதோண்டி நட்ட குடும்பங்களின் உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மூன்று மணிக்கு வானம் பச்சை கலந்த கறுப்பாக மாறியது. அலைபேசியில் எச்சரிக்கை அலறியது. முதலில் தென்பட்ட பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்தோம். கூரைக்குக் கீழே இடமே இல்லை. அங்கே நின்றிருந்த ஒரு விவசாயி பின்சீட்டில் அத்தையைப் பார்த்தார். பேசாமல் தன் பிக்கப்பைப் பின்னால் எடுத்து வெளியே நிறுத்திவிட்டு, எங்களை உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டினார். அடுத்த நிமிடம் ஆலங்கட்டி. கோலிக்குண்டு அளவில் தொடங்கி எலுமிச்சை அளவுக்குப் போனது. அவர் வண்டியின் முகப்பில் விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. வடக்கே தன் வயல் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாரம் அறுவடைக்கு இயந்திரம் வருவதாக இருந்ததாம். பத்து நிமிட ஆலங்கட்டி போதும், ஒரு வருட உழைப்பு தரையோடு போய்விடும் என்றார். மழை விட்டதும் வயலைப் பார்க்கப் போய்விட்டார். நன்றி சொன்னதற்கு ஒரு விரல்.

1874இல் இதே நிலத்தில் வெட்டுக்கிளி இறங்கியது. பயிரைத் தின்று, துணியைத் தின்று, கருவிகளின் மரக்கைப்பிடியைக்கூட அரித்தது என்று பதிவுகள் இருக்கின்றன. அந்த வருடம் பலர் நிலத்தை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினார்கள். அதே வருடம்தான் ரஷ்யாவிலிருந்து மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் குளிர்காலக் கோதுமை விதையோடு கேன்சஸில் வந்து இறங்கின. இன்று பார்த்த வயல்களில் இருப்பதும் அந்தக் குளிர்காலக் கோதுமைதான்.

ஸ்டாக்டனில் தங்கல். புயலில் மின்சாரம் போய் இரவு பத்து மணிக்குத்தான் வந்தது. வியர்வையில் நனைந்தபடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து அறைக்காரர்கள், அறுவடை இயந்திரத்தோடு டெக்சஸிலிருந்து வடக்கே போகிற கூலிக்கு அறுக்கும் குழு, தர்பூசணி வெட்டிக் கொடுத்தார்கள்.

ஜூன் 25, நிக்கோடெமஸ்

இன்றைக்கு எழுதுவது நீளும். இந்தப் பயணமே இந்த ஊருக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

24ஆம் நெடுஞ்சாலையில் ஸ்டாக்டனுக்கு மேற்கே நிக்கோடெமஸ். சில வீடுகள், ஒரு பூங்கா, ஐந்து பழைய கட்டடங்கள். வசிப்பவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஆனால் மிசிசிப்பிக்கு மேற்கே, உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் குடியேறி உருவாக்கி, இன்றுவரை ஆள் இருக்கும் மிகப் பழைய ஊர் இது. 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள்.

1877இல் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் டபிள்யூ. ஹெச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் சேர்ந்து ஊர் நிறுவனம் தொடங்கினார்கள். கென்டக்கி மாநிலத்துக் கறுப்பின மக்களிடம் துண்டறிக்கை போனது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து பன்னிரண்டு வருடம், ஆனால் தெற்கில் நிலம் கிடையாது, கூலி கிடையாது, உயிருக்குப் பாதுகாப்பும் கிடையாது. "மேற்கே சொந்த நிலம்" என்று கேட்டால் யார்தான் போகமாட்டார்கள்? அந்தச் செப்டம்பரில் முந்நூறு பேருக்கு மேல் எல்லிஸ் என்ற ஊர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தார்கள். வந்து பார்த்தால் வீடும் இல்லை, மரமும் இல்லை. பல குடும்பங்கள் உடனே திரும்பிவிட்டன. சொன்னதற்கும் கண்டதற்கும் இருந்த இடைவெளியில் ஹில் மேல் கடும் கோபம். அவர் ஓடி ஒளிய வேண்டி வந்தது.

தங்கியவர்கள் மேட்டுச் சரிவில் குழிதோண்டி வீடு செய்தார்கள். மூன்று பக்கம் மண், முன்பக்கம் கதவு, மேலே கழியும் புல்லும் போட்டு அதன்மேல் மண்ணோடு பெயர்த்த புல்பாளம். மழை பெய்தால் இரண்டு நாள் கழித்தும் உள்ளே சொட்டும். அடுப்புக்கு விறகு ஏது? காய்ந்த காட்டெருமைச் சாணமும் சூரியகாந்தித் தண்டும்தான். அத்தை இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வரட்டிதான்! அதுல சமைச்சா சோறு நல்லா வேகும், புகைதான் கண்ணைப் பிடுங்கும்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பூங்கா அலுவலர் தன் குறிப்பேட்டை எடுத்து அத்தையிடம் வரட்டி தட்டும் விதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

முதல் குளிர்காலத்தில் சாப்பாடு தீர்ந்துபோனது. வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் இறைச்சியில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போனதாக இந்த ஊர்க் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. தங்கள் நிலத்தை இழந்துகொண்டிருந்தவர்கள் கொடுத்த உணவு அது.

வில்லியானா ஹிக்மன் குடும்பத்தின் கதையைப் படித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். 1878 வசந்தத்தில் கணவர் டேனியல் ஹிக்மன் என்ற போதகரோடும் ஆறு குழந்தைகளோடும் கென்டக்கியின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து கிளம்பினார். எல்லிஸில் இறங்கியதும் கூட வந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டது. பல குழந்தைகள் இறந்தன. இரண்டு வாரம் அங்கே கூடாரத்தில். அப்புறம் வண்டி. பாதை இல்லாததால் திசைகாட்டியை வைத்துக்கொண்டு இரண்டு நாள். அவருக்கே உடம்பு சரியில்லை. "அதோ நிக்கோடெமஸ்!" என்று ஆண்கள் கத்தியதும் மகிழ்ச்சியோடு எழுந்து பார்த்திருக்கிறார். எங்கே, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று கேட்க, தரையிலிருந்து அங்கங்கே எழும்பும் புகையைக் கணவர் காட்டியிருக்கிறார். அதுதான் ஊர். மனிதர்கள் பூமிக்குள் இருந்தார்கள். வில்லியானா அழத் தொடங்கிவிட்டார். பல பத்தாண்டு கழித்து, வயதான காலத்தில் அவரே சொன்னது இது.

அதோடு முடியவில்லை. அவர்களுக்குக் கிடைத்த நிலம் இன்னும் பதினாலு மைல் மேற்கே. வண்டித் தரையில் குழந்தைகளோடு தூங்கிக்கொண்டிருந்தவரை ஊதுகொம்புச் சத்தம் எழுப்பியிருக்கிறது. இருட்டில் வழி கேட்க இவர்கள் ஊத, தூரத்திலிருந்து பதிலுக்குக் கொம்பும் துப்பாக்கிச் சத்தமும். முன்னாலேயே போய் வீட்டைப் பார்த்துக்கொண்ட அவர் அண்ணன் தம்பியில் ஒருவரும் நண்பரும் வழிகாட்டத் தீ மூட்டி வைத்திருந்தார்கள். மேட்டின் உச்சியில் ஏறியதும் அந்த வெளிச்சம் தெரிந்திருக்கிறது. அந்தப் பண்ணையில் ஏறத்தாழ இருபது வருடம் வாழ்ந்தார்கள். நாள்பட நாள்பட அந்த வீட்டோடு மனம் ஒத்துப்போனது என்று சொல்லியிருக்கிறார். மூன்று மகள்கள் நிக்கோடெமஸிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆசிரியைகள் ஆனார்கள்.

அழுத அம்மாவின் பிள்ளைகள் பாடம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஊர் வளர்ந்தது எப்படி? மண்வெட்டியாலும் கொத்தாலும் நிலத்தைக் கிளறி விதைத்தார்கள். குதிரைகள் மிகச் சில. ஆண்கள் ரயில்பாதை வேலைக்கும் தூரத்துப் பண்ணைகளுக்கும் கூலிக்குப் போய்விட, ஐந்து வருடக் குடியிருப்பு நிபந்தனை அறுந்துவிடாமல் நிலத்தில் இருந்தது பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். முதல் பள்ளியும் குழிவீட்டில்தான், ஜென்னி ஃப்ளெட்சர் சொல்லிக்கொடுத்தார். 1880களின் நடுவில் கடைகள், விடுதிகள், தேவாலயங்கள், வங்கி, பேஸ்பால் குழு, இரண்டு செய்தித்தாள்கள். இந்த ஊரிலிருந்து போன எட்வர்ட் மெக்கேப் 1882இல் கேன்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்புறம் ரயில். 1887இல் மிசூரி பசிபிக் என்ற ரயில் நிறுவனத்தின் பாதையை வரவழைக்க 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஊர்மக்கள் ஓட்டுப் போட்டார்கள். பாதை வரவில்லை. அடுத்த வருடம் யூனியன் பசிபிக் கிளைப்பாதை ஆற்றுக்கு அந்தப் பக்கமாகப் போனது. கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பாதையோரம் புதிதாக எழுந்த போக் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். எல்லைப்புற ஊர்களுக்கு இதுதான் பெரிய கண்டம். பஞ்சத்தையும் பனியையும் தாங்கிய ஊர், எங்கோ ஓர் அலுவலகத்தில் வரைபடத்தில் போட்ட கோட்டால் தேய்ந்தது. எனக்கு இதில் இன்னும் ஆற்றாமை தீரவில்லை.

1939இல் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய ஊர்க்கூடத்திலிருந்து வெளியே வந்து நடந்தோம். வெயில் 38 டிகிரி, காற்று அனலாக அடித்தது. பழைய ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) தேவாலயம், செயின்ட் ஃப்ரான்சிஸ் விடுதி, பள்ளிக்கூடம், பாப்டிஸ்ட் தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரம்தான். புல்வெட்டும் இயந்திரத்தில் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினார். கொள்ளுத்தாத்தா 1877இல் வந்தவராம். தொப்பியைக் கழற்றி அத்தைக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பனிப்பெட்டியிலிருந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். காசு கொடுக்கப் போன என் கணவரின் கையைப் பிடித்து மூடிவிட்டார். பேரன் பேத்திகள் டென்வரிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிறார்களாம். "வருவார்கள், ஜூலைக் கடைசியில் எல்லாரும் வருவார்கள்" என்றார். விடுதலைத் திருநாளாகத் தொடங்கிய ஒன்றுகூடல் அது. இன்றும் ஒவ்வொரு வருடமும் வம்சாவளியினர் நாடெங்குமிருந்து வந்து நிறைகிறார்கள்.

மதியம் மூன்று மணிக்குச் சாப்பிட ஹில் சிட்டி போனோம், ஏனென்றால் நிக்கோடெமஸில் உணவகம் எதுவும் திறந்திருக்கவில்லை. அதே டபிள்யூ. ஆர். ஹில் உருவாக்கி, தன் பெயரையே வைத்த ஊர். மாவட்டத் தலைநகர் ஆனது அதுதான், ரயில் கிடைத்ததும் அதற்குத்தான். சுட்ட சீஸ் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கும் அத்தைக்கு, ஏழு டாலர். எனக்கு ருசிக்கவில்லை. ஹிக்மன் குடும்பம் இருட்டில் கொம்பு ஊதிக்கொண்டு வந்தது ஏறக்குறைய இந்தத் தூரம்தானே என்றே மனம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 26, எல்லிஸ், ஹேஸ், வீடு

எல்லிஸ் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். வில்லியானாவுக்கு இரண்டு நாள் ஆன தூரம். ரயில்பாதை ஊருக்கு நடுவே போகிறது. ஒரு நீளமான சரக்கு ரயில் போகும்வரை தண்டவாளத்தருகே நின்றோம். தட்டம்மையில் போன அந்தக் குழந்தைகளுக்கு எங்கே கல்லறை என்று அத்தை கேட்டார். சுற்றிப் பார்த்தோம், எங்களுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அத்தை பையிலிருந்து திருநீறு எடுத்து, தண்டவாளத்துக்குத் தள்ளி, புல்லோரமாகக் கொஞ்சம் போட்டார்.

இதே ஊரில் ரயில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவரின் மகன் வளர்ந்தான், இங்கேயுள்ள ரயில்வே பட்டறையில் தொழில் பழகினான். அவன்தான் பின்னாளில் கார் நிறுவனம் தொடங்கிய வால்டர் கிரைஸ்லர். அவர் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், நன்றாகவே பராமரிக்கிறார்கள். ரயில் நின்ற ஊரில் வளர்ந்த பிள்ளைக்குப் பட்டறை கிடைத்தது. ரயில் விலகிப்போன ஊரின் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனார்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தது நல்லது.

ஹேஸில் மதியம் பியராக், லிங்கனில் சாப்பிட்ட ரன்ஸாவின் கூடப் பிறந்தது. 1876இல் வோல்கா ஜெர்மானியக் குடும்பங்கள் (ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த ஜெர்மானியர்கள்) இந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்த பண்டம். கடைக்கார அம்மா அத்தைக்காக இறைச்சி இல்லாமல் முட்டைக்கோஸும் வெங்காயமும் மட்டும் வைத்துத் தனியாக ஒன்று சுட்டுக் கொடுத்தார், மூன்று டாலர். அத்தை மிளகுத்தூள் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டார், முழுதும் சாப்பிட்டார்.

நெடுஞ்சாலையில் ஓமாஹாவுக்கு ஆறு மணி நேரம். அத்தைக்கு ஆகஸ்ட்டில்தான் ஊருக்கு விமானம். நிக்கோடெமஸ் ஒன்றுகூடலுக்காக ஜூலைக் கடைசி வார இறுதிக்கு ஸ்டாக்டனில் அறை சொல்லிவைத்துவிட்டோம். அந்தச் சமயம் யாராவது போவதாக இருந்தால் இப்போதே அறை பாருங்கள். குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். ஊர்க்கூடத்தில் இருக்கும் அலுவலரிடம் ஹிக்மன் குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள், உட்காரவைத்துச் சொல்வார்.